பஸ் வீட்டுக் கூரை ஒழுகுதா? எந்தப் பசை, எந்த இடத்துக்கு?

"மேற்குக் கரை மாநிலங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்." அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் வானொலியில் நான் கிட்டத்தட்ட தினமும் வாசிக்கும் வரி இது. வாசித்துவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடுவேன். போன வருஷம் அந்த வரியை வாசித்துக் கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. செண்டாயானிலிருந்து சித்தப்பா.

"நீ சொன்ன மழை வந்துருச்சுடா. வெளியில பெய்யுறதவிட பஸ்ஸுக்குள்ளதான் அதிகமா பெய்யுது."

சித்தப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, அதே மாதிரி ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சின்ன அடுப்பு மேடை, அலமாரி எல்லாம் வைத்தார். சித்தியை ஏற்றிக்கொண்டு பினாங்கு தண்ணீர்மலை, சுங்கைப்பட்டாணி, தைப்பிங் என்று ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது கனவு. ஆனால் முதல் மழைக்காலத்திலேயே கட்டில் மெத்தை நனைந்தது. தரையில் போட்ட பிளைவுட் உப்பியது. மேலே வெள்ளைப் பலகைக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது.

சித்திக்கு ஆஸ்துமா. பூஞ்சை வாடை பட்டாலே மூச்சு இழுக்கும். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "லயத்துல பொறந்ததுலேருந்து ஒழுகுற கூரைக்குக் கீழ சட்டி வச்சு வளர்ந்தவ நான். இந்த வயசுல மறுபடியும் சட்டி வைக்க மாட்டேன். ஒழுகல் நிக்கிற வரைக்கும் நான் பஸ்ல ஏற மாட்டேன்."

தோட்டம் போய் நகரம் வந்த ஊர்

செண்டாயானை இன்று பார்ப்பவர்களுக்கு அது பண்டார் ஸ்ரீ செண்டாயான். அகலமான சாலைகள், புதுத் தாமான்கள், தொழிற்பேட்டை, ஆகாயப்படைத் தளம். சித்தப்பா, சித்தி தலைமுறைக்கு அது பால்மரமும் செம்பனையும் நின்ற பூமி. தோட்டம் குறையக் குறைய, பால் வெட்டிய கைகள் தொழிற்சாலைக்குப் போயின. அந்தத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கிய பஸ்களில் ஒன்றைத்தான் சித்தப்பா ஓட்டினார். அதனால் அவருக்கு எஞ்சின் தெரியும், பிரேக் தெரியும். கூரையைப் பற்றி மட்டும் தெரியாது.

பழைய பஸ்ஸுக்கு இரண்டாம் வாழ்க்கை கொடுப்பது அவர் மட்டும் கண்டுபிடித்ததும் இல்லை. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறிக்கும் மூணாறில், 2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் பஸ் ஒன்றில் 16 படுக்கைகள் அமைத்து, ஓர் இரவுக்கு 100 ரூபாய் வாங்கிச் சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைத்தது. புனேயில் 2016-இல் தொடங்கி, ஓடி ஓய்ந்த பஸ்களைப் பெண்களுக்கான கழிப்பறைகளாக மாற்றினார்கள். பயன் எதுவானாலும், மழை பெய்யும் ஊரில் பஸ்ஸுக்குள் ஆள் தங்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை வெளியே நிறுத்தியாக வேண்டும்.

வினிகர் வாடை அடித்த முதல் மருந்து

முதல் தடவை சித்தப்பா செய்தது நாம் எல்லோரும் செய்வதுதான். ஹார்ட்வேர் கடைக்குப் போய் இருப்பதிலேயே மலிவான சிலிக்கோன் குழாய் ஆறு வாங்கி, கூரையில் கீறல் மாதிரித் தெரிந்த இடத்தில் எல்லாம் பிதுக்கினார். இரண்டு வாரம் தாங்கியது. மூன்றாவது வாரம் பிளாஸ்டர் உரிவது போல உரிந்து வந்தது. தண்ணீர் கூரைக்குள் ஓடிய கம்பி வழியாக விளக்குச் சுவிட்ச் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளையாக அன்று வெளி மின்சார இணைப்பு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நான் செண்டாயானுக்குப் போய் அவரோடு கூரையில் ஏறினேன். நான் படித்தது ஊடகத்துறை, பசைத்துறை இல்லை. ஆனால் கேள்வி கேட்பதுதானே என் தொழில். வாகனக் கண்ணாடி மாற்றுபவர், லோரிக்குப் பெட்டி கட்டுபவர், ஹார்ட்வேர் கடைத் தவுக்கே என்று பலரைக் கேட்டும், குழாய்களோடு வரும் தகவல் தாள்களைப் படித்தும் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். பஸ் இல்லாதவர்களும் படிக்கலாம். கார் போர்ச்சுக் கூரை, வேன், உணவு வண்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சொட்டும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு

பசை வாங்கும் முன் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். கூரைத் தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவில் தண்ணீர் நுழைந்தால், இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, தாழ்வான இடத்தில்தான் சொட்டும். சித்தப்பாவின் கட்டிலுக்கு மேலே சொட்டிய தண்ணீர், மூன்று மீட்டர் முன்னால் இருந்த காற்றோட்ட மூடியின் ஓரத்தில் நுழைந்தது.

இதற்கு இரண்டு பேரும் ஒரு ரப்பர்க் குழாயும் போதும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்க வேண்டும். இன்னொருவர் வெளியே, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். முதலில் ஜன்னலின் அடிப்பகுதி, பிறகு மேல்பகுதி, பிறகு கூரை விளிம்பு, கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து, பத்து நிமிடம் விட்டுப் பார்த்துச் சாக்பீஸில் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எதில் நுழைந்தது என்று தெரியாது.

மழையே இல்லாத நாளிலும் ஈரமாக இருந்தால் அது ஒழுகல் இல்லை. ஏர்கோன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். அல்லது குளிர்ந்த தகட்டில் ஈரக்காற்று பட்டு வியர்த்திருக்கலாம். அதை எந்தப் பசையாலும் சரிசெய்ய முடியாது.

கூரை தினமும் நீள்கிறது, சுருங்குகிறது

வெயிலில் நிற்கும் பஸ்ஸின் உலோகக் கூரை 60 டிகிரியைத் தொடும். மாலை மழை கொட்டினால் சில நிமிடங்களில் 30 டிகிரிக்கு இறங்கும். இந்த 30 டிகிரி வித்தியாசத்தில் 10 மீட்டர் நீள இரும்பு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். அதே நீள அலுமினியம் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் சுருங்கும். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு இருந்தால் இரண்டும் வேறு வேறு அளவில் இழுக்கும். அதற்கு மேல் பஸ் ஓடும்போது உடம்பு முழுக்க முறுக்கிக்கொள்ளும்.

ஆகவே பஸ் இணைப்பில் போடும் பசை ஒட்டினால் மட்டும் போதாது, இழுபட்டுத் திரும்பவும் வேண்டும். இறுகிக் கல்லாகும் எபோக்சி இந்த இணைப்புகளில் விரிசல் விடுவது இதனால்தான். துருப்பிடித்த சின்னப் பொத்தலை, அசையாத இடத்தில் அடைக்க எபோக்சி சரி. இரண்டு தகடுகள் சேரும் கோட்டுக்கு அது ஆகாது.

கடை அலமாரியில் எது எதற்கு?

*சிலிக்கோன்:* வெயில், சூடு இரண்டையும் நன்றாகத் தாங்கும். கண்ணாடிக்கும் சமையல் தொட்டி ஓரத்துக்கும் பொருத்தம். ஆனால் இதில் இரண்டு வகை உண்டு. இறுகும்போது வினிகர் வாடை அடிப்பது அசிட்டிக் வகை. அந்த அமிலம் செம்பையும் நாகம் பூசிய தகட்டையும் அரிக்கும். உலோகத்துக்கு வேண்டுமென்றால் 'நியூட்ரல்' என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். இன்னொரு தொல்லை, சிலிக்கோன் மேல் பெயிண்ட் நிற்காது. அது பூசிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கும், அதன்மேல் வேறு பசையும் ஒட்டாது. சித்தப்பா பிதுக்கிய ஆறு குழாய்களைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு ஒரு முழு நாள் போனது.

*பாலியூரித்தேன்:* சுருக்கமாகப் பி.யூ. சிக்காஃபிளெக்ஸ் போன்ற பெயர்களில் கிடைக்கும். வாகன முன்கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டுவது இந்தக் குடும்பத்துப் பசைதான். பிடி பலமானது, ரப்பர் போல இழுபடும். பலவீனம் வெயில். திறந்த வெளியில் வருஷக்கணக்கில் கிடந்தால் மேற்பரப்பு மஞ்சளாகி வெடிக்கும். மேலே பெயிண்ட் பூசிக் காப்பாற்ற வேண்டும். முக்கியமாக, இறுகும் முன் இதில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கிறது. அது சுவாசத்துக்கு ஆகாது, ஆஸ்துமாக்காரர்களுக்கு அறவே ஆகாது.

*எம்.எஸ். பாலிமர்:* 'ஹைப்ரிட்' என்றும் எழுதியிருப்பார்கள். ஜப்பானில் உருவான தொழில்நுட்பம். ஐசோசயனேட் இல்லை. பி.யூவைவிட வெயிலை நன்றாகத் தாங்கும். பெரும்பாலானவற்றின் மேல் பெயிண்ட் பூசலாம். விலை சாதாரண சிலிக்கோனைப் போல இரண்டு, மூன்று மடங்கு. சித்தியின் மூச்சை நினைத்து நாங்கள் கூரை இணைப்புகளுக்கும் உள்பக்கத்துக்கும் இதையே எடுத்தோம்.

*பியூட்டில் டேப்:* பிசைந்த மாவு போல, எப்போதும் இறுகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும் நாடா. காற்றோட்ட மூடி, விளக்கு, சோலார் தாங்கி போன்று திருகாணி போட்டு இறுக்கும் எதற்கும் அடியில் இதை வைக்கலாம். இறுக்கும்போது ஓரமாகப் பிதுங்கி எல்லா இடுக்கையும் நிரப்பும். பாரத்தைத் தாங்கும் வேலை திருகாணியுடையது, தண்ணீரைத் தடுக்கும் வேலை மட்டுமே இதனுடையது. பிறகு ஒரு நாள் கழற்ற வேண்டுமென்றாலும் எளிது.

*ஃபாயில் டேப்:* ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் ஒட்டுப் பசை. நடுவழியில் ஒழுகினால் அவசரத்துக்கு ஒட்ட வண்டியில் ஒரு சுருள் இருக்கட்டும். தார்ப் பசை உள்ளது வெயிலில் இளகும், பியூட்டில் பசை உள்ளது மேல். எப்படியானாலும் இது கட்டுத்துணி, சிகிச்சை இல்லை.

*மஞ்சள் ரப்பர்ப் பசை:* தகர டப்பாவில் வரும் இந்தக் காண்டாக்ட் பசை, உள்ளே கார்பெட், லெதர் துணி ஒட்டத்தான். தண்ணீரை நிறுத்த இது உதவாது.

*கூரைப் பூச்சு:* தூரிகையால் அடிக்கும் வெள்ளை அக்ரிலிக் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பிச் சூட்டைக் குறைக்கும். ஆனால் இணைப்புகளை அடைத்த பிறகு அடிக்க வேண்டிய மேல்சட்டை அது. ஓட்டையை மறைக்க அடித்தால், தண்ணீர் தேங்கும் இடத்தில் கொப்பளித்து உரியும்.

சித்தி சொன்ன பாடம்

கூரையில் நாங்கள் புதுக் குழாயை வெட்டித் தயாரானபோது, கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தி குரல் கொடுத்தார். "ஏங்க, அந்த எடத்தைச் சொரண்டினீங்களா?"

இளவயதில் அவர் வேலை செய்த தோட்டத்தில் பால்மரத்துக்கு மழைப் பாவாடை கட்டுவார்களாம். வெட்டு வாய்க்கு மேலே மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை மடித்து, தார் கலந்த பசையால் ஒட்டிவிடுவார்கள். மழைத்தண்ணீர் மரத்தில் வழிந்து வெட்டுப் பட்டையில் இறங்கினால் பால் கோட்டை விட்டுச் சிதறிப் போகும், மங்கில் விழுந்ததும் தண்ணீராகும். பாவாடை ஒழுங்காக ஒட்டியிருந்தால் மழை விட்ட பிறகு வேலை உண்டு. ஒழுகினால் அன்றைய சம்பளம் போச்சு.

"மொதல்ல மேல் பட்டையைச் சொரண்டி வழவழன்னு ஆக்கணும். பாசி, தூசி ஒண்ணும் இருக்கக் கூடாது. மரம் நல்லா காஞ்சிருக்கணும். அப்புறம்தான் பசை. அவசரப்பட்டு அப்பிட்டா ஒரே மழையில கழண்டுரும். மரமா இருந்தா என்ன, பஸ்ஸா இருந்தா என்ன?"

தகவல் தாள்களில் நான் பக்கம் பக்கமாகப் படித்ததும் இதைத்தான். சித்தப்பா ஒன்றும் பேசாமல் குழாயை ஓரமாக வைத்துவிட்டுச் சுரண்டியை எடுத்தார்.

நாங்கள் செய்த வரிசை

பழைய சிலிக்கோனைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுதாக எடுத்தோம். மிச்சத்துக்குச் சிலிக்கோன் நீக்கி தடவித் துடைத்தோம். படலம் போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் படலம் இன்னும் இருக்கிறது. பரவி நனைத்தால் போய்விட்டது.

துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுத் துருத்தடுப்பு பிரைமர் அடித்துக் காயவிட்டோம். துருவின் மேல் ஒட்டிய பசை துருவோடு சேர்ந்தே உரியும். ஆடிக்கொண்டிருந்த ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, முனை மூடிய ரிவெட்டாக மாற்றினோம். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பொட்டுப் பசை. கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தோம். தின்னர் வேண்டாம், அது பெயிண்டைக் கரைக்கும், எண்ணெய்ப் படலமும் விடலாம்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்தோம். மதியத் தகடு கை வைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் பசை சீக்கிரம் தோல் கட்டிக்கொள்ளும், ஒழுங்காகப் பரவாது. மாலையிலோ மழை. இந்த வகைப் பசைகள் காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்ளே மெதுவாக இறுகும். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பதை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். அன்று தார்ப்பாலின் கட்டிக் காத்தோம்.

எத்தனை குழாய் வேண்டும்? ஆறு மில்லிமீட்டர் அகலம், ஆறு மில்லிமீட்டர் ஆழம் என்றால் 300 மில்லிலிட்டர்க் குழாய் ஒன்று சுமார் எட்டு மீட்டர் வரும். பத்து மீட்டர் இணைப்பு இரண்டுக்கு மூன்று குழாய், மூடிகளுக்கும் விளக்குகளுக்கும் ஒன்றிரண்டு. கடையில் குழாயின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய சரக்கு உள்ளேயே இறுகியிருக்கும்.

இன்னொன்று, ஜன்னல் சட்டத்தின் அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை உள்ளே வந்த தண்ணீர் வெளியேறுவதற்காகவே வைத்தவை. ஆர்வத்தில் அவற்றையும் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கித் தகட்டை அரிக்கும். சித்தப்பா முதல் முறை அவற்றில் பாதியை அடைத்திருந்தார்.

ஜன்னல் ரப்பர் சாதாரண இயற்கை ரப்பராக இருந்தால் வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். வெடித்ததைப் பசையால் நிரப்பாமல் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் புதிதாக மாற்றுவது நல்லது. இதைச் சொன்னதும் சித்தி சிரித்தார். "நாங்க ஊத்துன பாலு டயருக்குத்தான் லாயக்கு, ஜன்னலுக்கு இல்லையா?" வாகன டயரில் இன்றும் இயற்கை ரப்பர் உண்டு, அதில் ஓசோனைத் தாங்கும் மருந்தும் கலக்கிறார்கள் என்றேன். கொஞ்சம் சமாதானம் ஆனார்.

சட்டி வைக்கவில்லை

பூஞ்சை பிடித்த பலகையையும் உப்பிய பிளைவுட்டையும் கழற்றிப் போட்டோம். ஒழுகலை நிறுத்திவிட்டு நனைந்த மரத்தை உள்ளேயே விட்டால் பூஞ்சை போகாது. மின் கம்பிகளை உரிமம் பெற்ற மின் தொழிலாளர் ஒருவர் வந்து முழுக்கச் சோதித்தார். பஸ்ஸின் அமைப்பை மாற்றியதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும், புஸ்பாகோம் சோதனையும் உண்டு. அந்தக் கடிதங்களோடு சித்தப்பா இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். வண்டி சாலையில் இறங்க அவை வந்தாக வேண்டும். வாங்கும் முன்பே விசாரித்திருக்கலாம் என்று இப்போது அவரே சொல்கிறார்.

பசை போட்டு ஒரு வாரம் கழித்து, குழாய்த் தண்ணீரால் மறுபடி சோதித்தோம். ஓர் இடத்தில், பின்பக்க விளக்கின் அடியில், இரண்டு சொட்டு வந்தது. விளக்கைக் கழற்றிப் பியூட்டில் டேப் வைத்து இறுக்கியதும் நின்றது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூரையில் ஏறி இணைப்புகளைப் பார்ப்பதாகச் சித்தப்பா நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.

அடுத்து வந்த பெரிய மழையன்று நான் நிலையத்தில் இருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் நானே கூப்பிட்டேன். எடுத்தது சித்தி. பின்னால் தகரத்தில் மழை அடிக்கும் சத்தம் பலமாகக் கேட்டது.

"சித்தி, எங்க இருக்கீங்க?"

"பஸ்லதான். பிளேன் டீ போட்டுக் குடிச்சிக்கிட்டு இருக்கோம். உங்க சித்தப்பாதான் டார்ச்ச வச்சிக்கிட்டு மேலயே பாத்துக்கிட்டு இருக்காரு. உக்காரச் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு."